ஸ்டியரிங் நடுங்கினால் முதலில் எதைப் பார்ப்பது? எம்ஜிபி காரை வைத்து ஓர் எளிய விளக்கம்

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் போதும், பேச்சு சீக்கிரமே இங்கே வந்துவிடும்: "அறுபது மைல் வேகத்தைத் தொட்டால் ஸ்டியரிங் நடுங்குகிறது." கேட்ட உடனே ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ஒருவர் வீல் பேலன்சிங் என்பார், ஒருவர் கிங்பின் என்பார், இன்னொருவர் அலைன்மெண்ட் பார்க்கச் சொல்வார். வண்டிக்காரரும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பார். பணம் போய்க்கொண்டே இருக்கும், நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கும்.

சொன்னவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அதிர்வு என்பது இரண்டு விஷயங்கள் சேர்ந்து உண்டாவது, ஆளுக்கு ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள், அவ்வளவுதான். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் ஸ்பேனரைத் தொடும் முன்பே பாதிக் கண்டுபிடிப்பு முடிந்துவிடும்.

உதாரணத்துக்கு எம்ஜிபி காரை எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரான வண்டி. மூடிய கூரை கொண்ட ஜிடி மாடலையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கு மேல் வெளிவந்தது. முன்பக்க அமைப்பு எளிமையானது, அதனால் கற்றுக்கொள்ள ஏற்றது.

தள்ளுகிற கையும் ஆடுகிற ஊஞ்சலும்

ஊஞ்சலில் குழந்தையை வைத்து ஆட்டுகிறீர்கள். அது திரும்பி வரும் நேரம் பார்த்து லேசாகத் தட்டினாலே உயரமாகப் போகும். கண்டபடி தள்ளினால் எவ்வளவு பலம் போட்டாலும் தடுமாறி நின்றுவிடும். ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் தனக்கென ஒரு தாளம் இருக்கிறது. தள்ளுகிற கை அந்தத் தாளத்தோடு பொருந்திவிட்டால் சின்னத் தள்ளலும் பெரிய ஆட்டமாகிறது. இப்படிப் பொருந்துவதற்குப் பெயர் ஒத்ததிர்வு.

காரின் முன்பக்கமும் அப்படித்தான். சக்கரம், அதை மாட்டும் நடுப்பாகமான ஹப், பிரேக் டிஸ்க் எல்லாம் சேர்ந்த கனமான ஒரு தொகுதி, மேலே காயில் ஸ்பிரிங்குக்கும் கீழே காற்றடைத்த டயருக்கும் நடுவில் நிற்கிறது. இதற்கும் ஒரு தாளம் உண்டு. பெரும்பாலான கார்களில் அது நொடிக்கு 10 முதல் 15 துள்ளல் வரை இருக்கும்.

இப்போது சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். எம்ஜிபியின் 14 அங்குலச் சக்கரம் டயரோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். மணிக்கு 60 மைல் என்பது நொடிக்கு சுமார் 27 மீட்டர். ஆக, சக்கரம் நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. சக்கரத்தில் ஓரிடம் கனமாக இருந்தால், நொடிக்கு 14 தள்ளல். நடுக்கம் 55, 60 மைலில் வந்து 70ஐத் தாண்டினால் குறைந்துவிடுவதன் ரகசியம் இதுதான். 70ஐத் தாண்டியதும் குறை சரியாகிவிடவில்லை. தள்ளும் வேகம் தாளத்தை விட்டு விலகிவிட்டது, அவ்வளவுதான்.

தள்ளலின் பலத்தையும் சொல்லிவிடுகிறேன். ரிம்மின் ஓரத்தில் வெறும் 20 கிராம் கூடுதலாக இருந்தால், 60 மைல் வேகத்தில் அது கிட்டத்தட்ட 3 கிலோ எடைக்குச் சமமான இழுப்பாகிவிடும். அதே 20 கிராம் 30 மைலில் முக்கால் கிலோகூடத் தராது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும்.

ஆக, அதிர்வுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒன்று, ஒவ்வொரு சுற்றிலும் தள்ளுகிற குறை: எடை, கோட்டம், டயர். இரண்டு, அந்தத் தள்ளலை அடக்காமல் ஆடவிடுகிற தளர்வு: பேரிங், கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் செங்குத்துத் தண்டு), புஷ் (இணைப்புகளில் இருக்கும் உறை), டேம்பர் (ஷாக் அப்சார்பர்). சின்ன ஈயத்துண்டுகளை ஒட்டிச் சக்கரத்தின் எடையைச் சமப்படுத்துவதுதான் பேலன்சிங், அது முதலாமவரை மட்டும்தான் கவனிக்கும். தளர்வு மீதமிருந்தால், நாலு வாரத்தில் ஓர் ஈயத்துண்டு உதிர்ந்ததும் பழைய கதை மறுபடி ஆரம்பிக்கும்.

முதல் வேலை: ஓட்டிப் பார்ப்பது

ஜாக்கியைத் தேடுவதற்கு முன் வண்டியை நல்ல மட்டமான சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். எந்த வேகத்தில் தொடங்குகிறது, எதில் முடிகிறது, எங்கே உணர்கிறோம் என்று கவனிக்க வேண்டும். கைக்குத் தெரிந்தால், அதாவது ஸ்டியரிங் வளையம் இடமும் வலமுமாகத் துடித்தால், பெரும்பாலும் முன்சக்கரம். முதுகுக்கும் இருக்கைக்கும் தெரிந்தால் பின்சக்கரத்தையும் அதற்குச் சக்தி கொண்டுவரும் பாகங்களையும் சந்தேகிக்கலாம்.

பிறகு அதே வேகத்தில் கிளட்சை அழுத்தி இன்ஜினை ஐடிலுக்கு விடுங்கள். வண்டி உருண்டுகொண்டிருக்க, நடுக்கம் சட்டென்று நின்றுவிட்டால் குறை இன்ஜின் பக்கம். நிற்காமல், வண்டியின் வேகம் குறையக் குறைய மெல்லத் தேய்ந்தால், சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் ஏதோ ஒன்று.

இன்னொரு குழப்பமும் இங்கே தீரும். இன்ஜின் சக்தியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் நீண்ட தண்டுக்கு புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று பெயர். அதிலும் அதிர்வு வரும். ஆனால் எம்ஜிபியில் அது சக்கரத்தைவிட ஏறத்தாழ 3.9 மடங்கு வேகமாகச் சுற்றுகிறது, 60 மைலில் நொடிக்கு 55 முறை. அதைத் தனித்தனி உதறலாக உணர முடியாது, காலடியில் ரீங்காரமாகத்தான் கேட்கும். உதறலா, ரீங்காரமா என்ற இந்தக் கேள்வி ஒன்றே பாதிப் பட்டியலை அடித்துவிடும்.

30 மைலிலேயே நடுங்கும் வண்டிகளும் உண்டு. அங்கே டயரின் வட்டத்தைச் சந்தேகியுங்கள். ஓரிடத்தில் கனம் இருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு தள்ளல். டயர் முட்டை வடிவத்தில் நீண்டிருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு தள்ளல். அப்படியானால் பாதி வேகத்திலேயே அந்த 14ஐத் தொட்டுவிடுகிறது.

நடுக்கம் சில நொடிகள் வலுத்து, சில நொடிகள் காணாமல் போய், மறுபடி வலுப்பதும் உண்டு. பேய் பிடித்ததுபோல் இருக்கிறது என்று சொல்லி விட்டுவிடுவார்கள். காரணம் எளிது. இரண்டு முன்சக்கரங்களிலும் குறை இருக்கிறது, இரண்டும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. ஒரு வளைவில் திரும்பினாலே வெளிப்பக்கச் சக்கரம் கூடுதலாகச் சுற்றிவிடும். அதனால் இரண்டு தள்ளல்களும் ஒரு நேரம் ஒன்று சேர்கின்றன, இன்னொரு நேரம் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இப்படி அலையலையாக வந்தால் ஒரு சக்கரத்தை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

இத்தனை சோதனைக்கும் செலவு பெட்ரோல் மட்டும். அடுத்ததற்கு அரை மணி நேர உழைப்பு வேண்டும்: முன்சக்கரங்களைப் பின்னாலும் பின்சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு அதே சாலையில் ஓட்டுங்கள். நடுக்கம் கையிலிருந்து இருக்கைக்கு இடம் மாறினால் குற்றவாளி சக்கரமோ டயரோதான். முன்னாலேயே இருந்துவிட்டால் ஹப், பேரிங், ஸ்டியரிங் என்று உள்ளே போக வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் யாரும் பாகம் வாங்கவே கூடாது.

கம்பிச் சக்கரம்: அழகும் தலைவலியும்

எம்ஜிபி இரண்டு வகைச் சக்கரங்களோடு வந்தது. தகடு அழுத்திச் செய்த சாதாரணச் சக்கரம் ஒன்று. நட்டு போட்டு இறுக்குவது, அதில் பெரிதாக வம்பில்லை. இன்னொன்று எல்லாரும் ஆசைப்படும் கம்பிச் சக்கரம். பெரும்பாலும் 60 ஆரக்கம்பிகள், நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. முன்பக்க நடுக்கக் கதைகளில் நிறைய இங்கேதான் தொடங்குகின்றன, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இந்தச் சக்கரம் ஹப்பின் மேல் எப்படி உட்காருகிறது? ஹப்பைச் சுற்றிலும் பல் பல்லாக வெட்டியிருக்கும். இந்தப் பற்களுக்கு ஸ்ப்ளைன் என்று பெயர். சக்கரத்தின் உட்பக்கத்திலும் அதற்கு ஈடான பற்கள் உண்டு. பற்கள்தான் சக்கரத்தை மையத்தில் பிடிக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. பற்களின் வேலை சுழற்றுவதும் பிரேக் போடும்போது தாங்குவதும் மட்டும்தான். சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது இரண்டு சரிவான வளையங்கள்: உட்பக்கம் ஹப்பின் அடியில் ஒன்று, வெளிப்பக்கம் நட்டின் உள்முகத்தில் ஒன்று. இந்த இரண்டு சரிவுகளுக்கும் நடுவில்தான் சக்கரம் கவ்விப் பிடிக்கப்படுகிறது.

இது தெரிந்தால் ஒரு பெரிய மர்மம் விலகும். "மெஷினில் பேலன்ஸ் பண்ணினேன், பூஜ்யம் காட்டியது, வண்டியில் போட்டால் நடுங்குகிறது" என்று சொல்பவர்கள் அநேகம். சாதாரண டயர் கடையில் கம்பிச் சக்கரத்தை நவீனச் சக்கரம் மாதிரி நடு ஓட்டையை வைத்து மெஷினில் மாட்டுவார்கள். அந்த ஓட்டையின் ஓரம் சக்கரத்தின் உண்மையான மையத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. மெஷின் ஒரு மையத்தில் சுற்றி அளக்கிறது, வண்டி வேறொரு மையத்தில் சுற்றுகிறது. இரண்டு சரிவுகளிலும் உட்காரும்படி செய்த கூம்புகள் இருக்கிற கடையில்தான் கம்பிச் சக்கரத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் வேறு கடை பாருங்கள்.

அடுத்தது கோட்டம். சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான் இங்கும். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஆக்சில் ஸ்டாண்டில் உட்காரவைத்து, ரிம்முக்கு அருகே அசையாத ஏதாவது ஒன்றில் பென்சிலைக் கட்டி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். ரிம்முக்கும் பென்சில் முனைக்கும் இடையில் உள்ள இடைவெளி கூடிக் குறைகிறதா? பக்கவாட்டில் ஒரு முறை, மேலும் கீழுமாக ஒரு முறை பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் சந்தேகப்படலாம். பிறகு ஒவ்வொரு ஆரத்தையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி மணியாக ஒலிக்கும், தளர்ந்தது பொத்தென்று கேட்கும். கோட்டமான ரிம்மை எடை ஒட்டிச் சரிசெய்ய முடியாது. எடை சமமானாலும் வட்டம் வட்டமாகிவிடாது. முதலில் கோட்டம் எடுக்க வேண்டும், அப்புறம்தான் பேலன்ஸ்.

ஸ்ப்ளைன் தேய்மானம் தெரிய, சக்கரத்தைத் தூக்கி வைத்து ஒருவரைப் பிரேக் பெடலை அழுத்தச் சொல்லுங்கள். நீங்கள் சக்கரத்தை முன்னும் பின்னும் சுழற்றப் பாருங்கள். "டக் டக்" என்று சத்தம் வந்து சக்கரம் கொஞ்சம் நகர்ந்தால், நட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இறுக்கிய பிறகும் நகர்ந்தால் பற்கள் தேய்ந்துவிட்டன. இதை ஒத்திப்போடக் கூடாது. புதுச் சக்கரத்தைத் தேய்ந்த ஹப்பில் போடுவதும் வீண். பழைய பல் புதுப் பல்லைச் சீக்கிரம் தின்றுவிடும்.

டயர் பற்றி இரண்டு வார்த்தை

இந்தக் கார்கள் வருடத்தில் பாதி நாள் ஷெட்டில் நிற்பவை. பட்டன் தேயாமல் இருக்கும், ரப்பர் மட்டும் கிழடு தட்டியிருக்கும். பார்க்கப் புதிதாக இருக்கிறது என்று ஏமாறக் கூடாது. டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மூன்று இலக்கம்தான் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர், அதை ஓட்டவே கூடாது. உள்ளே இருக்கும் எஃகுப் பட்டை ரப்பரைவிட்டுப் பிரிந்தால் டயரின் மேல்பரப்பு ஓரிடத்தில் லேசாகப் புடைக்கும். கையால் தடவிப் பார்த்தாலே தெரியும். அப்படிப் புடைத்த டயர் வெடிக்கலாம், அன்றே கழற்றுங்கள்.

வெகுநாள் நின்ற வண்டியில் முதல் சில மைல் மட்டும் நடுங்கி, டயர் சூடானதும் சரியாகிவிட்டால், அது நின்ற இடத்தில் டயர் தட்டையானது. பயப்பட வேண்டாம்.

இதுவரை பார்த்தது தள்ளுகிற கை: எடை, மையம், கோட்டம், டயர். இவற்றைச் சரிசெய்த பிறகும் நடுக்கம் இருந்தால், அல்லது சக்கரங்களை மாற்றிப் போட்டபோது நடுக்கம் இடம் மாறவே இல்லை என்றால், ஊஞ்சல் பக்கம் போகலாம்.

தளர்வைக் கையால் தேடுவது

எம்ஜிபியின் முன்சக்கரம் ஒரு செங்குத்தான எஃகுத் தண்டைப் பிடித்துக்கொண்டு இடமும் வலமும் திரும்புகிறது. அந்தத் தண்டுதான் கிங்பின். அதன் அடிப்பாகம் கீழ்க் கைகளில் மாட்டியிருக்கும். மேல்பாகம் டேம்பரின் கைகளில் மாட்டியிருக்கும். டேம்பர் என்றால் துள்ளலை அடக்கும் எண்ணெய்க் கருவி, நாம் ஷாக் அப்சார்பர் என்கிறோமே அதுதான். இந்தக் காரில் அது குழாய் வடிவத்தில் இல்லை, நெம்புகோல் வடிவத்தில் இருக்கிறது. அதன் கைகளே மேல் சஸ்பென்ஷனாகவும் வேலை செய்கின்றன. ஆகவே டேம்பரின் தண்டு தேய்ந்தால் இரட்டை நஷ்டம்: துள்ளலும் அடங்காது, சக்கரத்தின் மேல்முனையும் ஆடும்.

வண்டியை ஆக்சில் ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக அசையுங்கள். ஆட்டம் தெரிகிறதா? இப்போது ஒருவரைப் பிரேக் அழுத்தச் சொல்லி மறுபடி அசையுங்கள். பிரேக் பிடித்தால் ஹப்பும் அதைத் தாங்கும் அச்சும் ஒன்றாகக் கட்டப்பட்டுவிடும். ஆட்டம் மறைந்துவிட்டால் அது வீல் பேரிங். மறையாவிட்டால் கிங்பின்னோ அதன் மேல் கீழ் இணைப்புகளோ. ஒருவர் அசைக்க, நீங்கள் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தால் எந்த இணைப்பு நகர்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

பிறகு கைகளை இடமும் வலமுமாக வைத்து அசையுங்கள். இங்கே ஆட்டம் இருந்து, உச்சியிலும் அடியிலும் இல்லையென்றால், ஸ்டியரிங் ராக்கையும் (ஸ்டியரிங்கைத் திருப்பினால் இடமும் வலமும் நகரும் பல் தண்டு) சக்கரத்தையும் இணைக்கும் தண்டின் முனையைப் பாருங்கள், அதாவது டை ராடு எண்டு. ராக்கை வண்டியோடு பிடிக்கும் போல்ட்டுகளையும் ஒரு முறை தொட்டுப் பாருங்கள். மறந்துபோகும் இடம் அது.

வீல் பேரிங் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எம்ஜிபியில் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே ஓர் எஃகுக் குழல் உண்டு, அதோடு மெல்லிய தகட்டு வளையங்கள் வைத்து இடைவெளியைச் சரிசெய்வார்கள். இருக்க வேண்டிய ஆட்டம் 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர். கைக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. வேலை மிச்சம் என்று அந்தக் குழலை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு நட்டைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழல்தான் அச்சுக்குக் கூடுதல் பலம் தருகிறது. அது இல்லாமல் அச்சு முறியும் ஆபத்து உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

கிங்பின் தேய்வதற்கு முதல் காரணம் கிரீஸ் போடாதது. ஒரு பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள்கள், 3,000 மைலுக்கு ஒரு முறை. சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கும்போது அடித்தால்தான் கிரீஸ் சுமை தாங்கும் இடம் வரை போய்ச் சேரும்.

பிரேக் போட்டால் மட்டும் நடுங்கினால்

இது தனிக் கதை, மேலே சொன்னதோடு கலக்கக் கூடாது. சாதாரணமாக ஓடும்போது அமைதியாக இருந்து, பெடலைத் தொட்டதும் ஸ்டியரிங்கும் பெடலும் சேர்ந்து துடித்தால், டிஸ்க்கின் கனம் எல்லா இடத்திலும் ஒரே அளவாக இல்லை, அல்லது டிஸ்க் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. 0.1 மில்லிமீட்டர் கோணல்கூடக் காலுக்குத் தெரியும். புது டிஸ்க் வாங்கும் முன், ஹப்பில் டிஸ்க் உட்காரும் முகத்தைத் துரு போகச் சுத்தம் செய்து அளந்து பாருங்கள். பல நேரம் துருதான் வில்லன்.

அலைன்மெண்ட் செய்தால் போய்விடுமா?

பெரும்பாலும் போகாது. அலைன்மெண்ட் என்பது சக்கரங்கள் பார்க்கும் திசை. திசை தவறினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கலாம், டயர் ஒருச்சாய்த்துத் தேயும். ஒரு சுற்றுக்கு ஒரு தள்ளலை அது உண்டாக்காது. ஆனால் வெகுநாள் தவறான திசையில் ஓடிய டயர் குழி குழியாகத் தேய்ந்து, அந்தக் குழிகள் நடுக்கத்தைக் கொண்டுவரும். அப்போது அலைன்மெண்ட் மட்டும் செய்தால் குழி போகாது. டயரையும் மாற்ற வேண்டும். இணைப்புகளில் ஆட்டம் இருக்கும்போது அலைன்மெண்ட் செய்வதும் காசைக் கரியாக்குவதுதான், அளந்த அளவு அடுத்த பள்ளத்தில் மாறிவிடும்.

எல்லாம் சரி, இன்னும் லேசாக நடுங்குகிறது என்றால் கடைசி வழி ஒன்று இருக்கிறது. சக்கரத்தை வண்டியிலேயே வைத்து, மோட்டாரால் சுழற்றி, ஹப்பையும் டிஸ்க்கையும் சேர்த்தே பேலன்ஸ் செய்வது. எல்லா ஊரிலும் கிடைக்காது. செய்துகொண்டால், சக்கரத்திலும் ஹப்பிலும் ஒரே நேரில் பெயிண்டால் ஒரு புள்ளி வையுங்கள். அடுத்த முறை கழற்றி மாட்டும்போது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் செய்த பேலன்ஸ் கலைந்துவிடும்.

மற்ற கார்களில் எது மாறும்

தள்ளலும் தளர்வும் எந்தக் காருக்கும் ஒன்றுதான். தளர்வு ஒளிந்திருக்கும் இடம் மட்டும் மாறும். டிரையம்ப் டிஆர்3, ஆஸ்டின்-ஹீலி 3000 போன்றவற்றில் ராக் கிடையாது, ஸ்டியரிங் பெட்டி இருக்கிறது. அதன் உள்தேய்மானத்தையும், அதோடு சேர்ந்த இணைப்புத் தண்டுகள் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அதன் முன் சஸ்பென்ஷன் டிரையம்ப் ஹெரால்டிலிருந்து வந்தது. அந்த ஹெரால்டைத்தான் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் 1960களில் தயாரித்தார்கள், அந்த வண்டிகளிலும் இதே அமைப்புதான். இதில் எம்ஜிபி மாதிரி கிங்பின் கிடையாது. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை மரையாக வெட்டப்பட்டு, பித்தளை நிறக் கட்டை ஒன்றுக்குள் திருகப்பட்டிருக்கும். அந்தக் கட்டைக்கு டிரன்னியன் என்று பெயர். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுற்றுகிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது. கியர் எண்ணெய், அதாவது இபி90, கிரீஸ் கன்னில் ஊற்றி அடிக்க வேண்டும். உள்ளே வறண்டு துருவேறினால் மரை இறுகி, தண்டு முறிந்து, சக்கரம் அப்படியே மடிந்துவிடும். முறிவதற்கு முன் நடுக்கம் வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஸ்டியரிங் வழக்கத்தைவிடக் கனமாகத் திரும்பினாலோ, திருப்பிவிட்டபின் தானாக நேருக்கு வரத் தயங்கினாலோ, பேலன்சிங் கடைக்குப் போவதை ஒத்திவைத்துவிட்டு டிரன்னியனைக் கழற்றிப் பாருங்கள்.